பத்து விரலுக்கு நாற்பத்திரண்டு நாள்

பச்சை வெளிச்சம் பரவிய கண்ணாடியின்மேல் மரியநாயகி வலது கையின் நான்கு விரல்களையும் வைத்தாள். இயந்திரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிவந்தது.

“கொஞ்சம் அழுத்துங்க அம்மா,” என்றாள் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண்.

மரியநாயகிக்கு ஐம்பத்தாறு வயது. குருநகர் இறங்குதுறையில் நாற்பது வருடமாக வலையிலிருந்து நண்டு கழற்றிய கைகள். அவள் அழுத்தினால் மேசை நகரும். மேசை நகர்ந்தது. விளக்கு மட்டும் சிவப்பிலேயே நின்றது.

இடது கை. சிவப்பு.

இரண்டு பெருவிரல்களும் சேர்த்து. சிவப்பு.

கொழும்பில் ஒரு உயரமான கட்டடத்தின் நான்காம் மாடி, விசா விண்ணப்ப நிலையம். உள்ளே முப்பது பேர் இருந்தும், பூசையில் மணி அடிக்கும் நேரத்து அமைதி. மரியநாயகிக்குப் பின்னால் அவள் மகன் எமில்ராஜ் நீலக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கோப்புக்காக அவன் மூன்று மாதம் கடலுக்குப் போன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அலைந்திருந்தான். பிரான்ஸ் மடத்தின் அழைப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்குப் பிரதி, பயணக் காப்புறுதி, போய்த் திரும்பும் டிக்கெட் பதிவு, கிராம அலுவலரின் கடிதம், அம்மா கட்டாயம் திரும்பி வருவாள் என்று கடற்றொழிலாளர் சங்கம் எழுதித் தந்த கடிதம். அத்தனையையும் அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டியிருந்தாள்.

“கடுதாசி எல்லாம் சரியாம்,” என்று மரியநாயகி திரும்பி மகனிடம் முணுமுணுத்தாள். “ஆள்தான் இல்லையாம் மோனை.”

அந்தப் பெண் எழுந்து சுற்றி வந்தாள். மரியநாயகியின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். துணியால் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் எரிச்சல் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களின் முகம் அது.

“ஏழு வருஷமா இந்தக் கதிரையில இருக்கேன். மேசன் கை பார்த்திருக்கேன், தேயிலை எடுக்கிறவங்க கை பார்த்திருக்கேன். எல்லாருக்கும் ஒரு கோடாவது இருக்கும். உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு.”

வங்கிப் பெட்டகம் உடைக்கிறவனுக்கு இப்படிப் பத்து விரல் கிடைத்தால் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொல்வான். தடயமே விடாத விரல்கள். ஆனால் மரியநாயகிக்கு வேண்டியிருந்தது எதையும் திருட அல்ல. ஒரு நாட்டுக்குள் வாசலால் நுழைய.

“இப்பவே அனுப்பலாம்,” என்றாள் அந்தப் பெண். “ஆனா விரல் இல்லாம போனா மருத்துவர் கடிதம் கேப்பாங்க, விசாரிப்பாங்க, நாள் இழுக்கும். உங்களுக்கு எப்ப அங்க நிக்கணும்?”

“செப்டெம்பர் பதினாலு,” என்றான் எமில்ராஜ். “பதின்மூண்டே நிக்க வேணும்.”

அவள் கணினியில் எதையோ தேடினாள். “ஜூலை இருபத்தொன்பது காலைல ஒரு இடம் இருக்கு. இன்னைக்கு ஜூன் பதினேழு. நாப்பத்திரண்டு நாள். கைக்கு ஓய்வு குடுங்க. முழுசா வராட்டியும் பரவால்ல, வர்ற விரலை எடுத்துக்கிறேன். அதுக்குப் பிறகு வந்தா உங்க தேதிக்கு நேரம் காணாது.”

*

செப்டெம்பர் பதின்மூன்று. அந்த ஒரு நாளுக்காகத்தான் எல்லாம்.

மரியநாயகியின் மகள் ஜெசிதாவுக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவள், ஒன்பது வருடத்துக்கு முன் பிரான்ஸில் மலைப்பக்கம் ஒன்றில் இருக்கும் அடைபட்ட மடத்தில் சேர்ந்துவிட்டாள். அங்குள்ள கன்னியர் வெளியே வருவதில்லை. பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, ஆஸ்பத்திரி நடத்துவதில்லை. செபம், தோட்டம், மௌனம். தகப்பன் மரியரட்ணம் மூன்று வருடத்துக்கு முன் செத்தபோதும் அவள் வரவில்லை.

செப்டெம்பர் பதினான்காம் தேதி ஜெசிதா நித்திய வார்த்தைப்பாடு, சாகும்வரை துறவியாய் இருக்கும் உறுதிமொழி, கொடுக்கிறாள். அதன் பிறகு யார் போனாலும் நடுவில் கம்பிச் சட்டம் ஒன்று இருக்கும். இந்தப் பக்கம் கதிரை, அந்தப் பக்கம் கதிரை. தொட முடியாது. ஆனால் முதல் நாள், பதின்மூன்றாம் தேதி பின்னேரம், அம்மாவும் மகளும் ஒரே அறையில், கம்பி இல்லாமல், ஒரு மணித்தியாலம் இருக்கலாம் என்று மடத்துத் தாயார் எழுதியிருந்தார்.

ஒரு மணித்தியாலம். பிறகு ஆயுள் முழுக்கக் கம்பி.

யாழ்ப்பாணம் திரும்பிய ரயில் முறிகண்டியைத் தாண்டியது. எமில்ராஜ் திடீரென்று நிமிர்ந்தான்.

“அம்மா, பாஸ்போட்டுக்கு வவுனியாவிலை விரல் வைச்சனியள்.”

“ஓம். வைச்சனான்.”

“அண்டைக்கு விழுந்தது. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். பத்தும் விழுந்தது. மூண்டு வருஷத்துக்கு முந்தி இருந்த ரேகை இப்ப எங்கை?”

மரியநாயகி தன் விரல்களையே பார்த்தாள், யாரோ களவெடுத்துவிட்டதுபோல.

“எப்ப போனனாங்கள்?” அவன் தானே பதில் சொன்னான். “அப்பான்ரை முப்பத்தொராம் நாள் முடிஞ்ச கிழமை. அப்பா முகத்தைத்தான் பாக்கேல்லை, நீங்களாவது பாஸ்போட் எடுத்து வையுங்கோ எண்டு தங்கச்சி போனிலை அழுதவள். அந்த முப்பத்தொரு நாளும் நீங்கள் கரைக்குப் போகேல்லை. வலை தொடேல்லை.”

கண்டுபிடித்துவிட்டான். குற்றவாளி வலை.

“நாளையிலை இருந்து வலை தொடுறேல்லை,” என்றான்.

“நண்டை ஆர் கழட்டுறது?”

“மாமி கழட்டுவா.”

“உன்ரை மாமி வாயாலைதான் கழட்டுவாள்.”

*

மாமி என்பது கிறிஸ்ரினா. மரியரட்ணத்தின் தங்கை. மரியநாயகியோடு ஒரே வலையின் இரு முனையில் இருபத்தைந்து வருடம் குந்தியிருந்தவள். மறுநாள் விடிய எமில்ராஜின் படகு வந்து, மரியநாயகி கையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு தூரத்தில் நிற்பதைக் கண்டதும் தொடங்கிவிட்டாள்.

“என்ன மச்சாள், பிரான்ஸ் மகாராணி இனி நண்டைத் தொடமாட்டாவோ?”

“தொட்டால் விசா இல்லையாம்.”

“நண்டுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?”

“விரலிலை ரேகை இல்லையாம். அது வந்தால்தான் விடுவாங்களாம்.”

கிறிஸ்ரினா ஒரு பெரிய நீலக்கால் நண்டைப் பிடித்து, அதன் கால்களை விரித்துப் பார்த்தாள். “இவருக்கும் ரேகை இல்லை. ஆனால் இவர் போன கிழமை சிங்கப்பூருக்குப் பிளேனிலை போனவர்.”

கரை சிரித்தது. மரியநாயகியும் சிரித்தாள். ஆனால் கை சேலைக்குள்ளேயே இருந்தது.

எமில்ராஜ் கடையில் ஒரு மைப்பெட்டியும் நூற்றறுபது பக்கக் கொப்பியும் வாங்கி வந்தான். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பக்கம்; பத்து விரல். முதல் நாள் பக்கத்தில் பத்துக் கறுப்பு விதைகள் விழுந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு.

ஒப்பிட்டுப் பார்க்கத் தன் பெருவிரலைப் பக்கத்தில் குத்தினான். குத்திவிட்டுத் தன் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினான். பெரிதாக்கியவன் அப்படியே இருந்துவிட்டான்.

“அம்மா, இங்கை பாருங்கோ.”

வரிவரியாக, நடுவில் ஒரு சுழியில் தொடங்கி, ஒன்றையொன்று முட்டாமல், விலகாமல், ஒரு இடத்தில் பிரிந்து மறுபடி சேர்ந்து ஓடிய கோடுகள். முப்பத்து மூன்று வருடம் கூடவே இருந்திருக்கிறது. ஒரு நாளும் பார்த்ததில்லை.

“வத்து நேரத்திலை கடல் உள்ளுக்குப் போனாப் பிறகு மணல் கிடக்குமே அம்மா, வரிவரியா. அதுமாதிரிக் கிடக்கு.”

மரியநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“உது ஒவ்வொருத்தனுக்கும் வேறையாம்,” என்றான் அவன். “ஆதாமிலை இருந்து இண்டைக்கு வரைக்கும், செத்தவையும் சேத்து, இன்னொருத்தனுக்கு இதே சுழி இல்லையாம்.”

“எல்லாருக்கும் வேறை வேறையோ?”

“பத்து விரலுக்கும் வேறை வேறை.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “எண்டால் ஆண்டவருக்கு எவ்வளவு வேலை மோனை.”

*

ஐந்தாம் நாள், கறுப்பு. பத்தாம் நாள், கறுப்பு. பதினைந்தாம் நாள் ஒரு விரலில் ஏதோ கோடு தெரிந்து எமில்ராஜ் துள்ளி எழுந்தான். அது தலைமயிர்.

பதினெட்டாம் நாள் அவன் கொப்பியையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்து படகின் விளிம்பில் குந்தினான். பதினெட்டுப் பக்கம். நூற்று எண்பது கறுப்பு விதை. வலையைத் தொடாமல் பதினெட்டு நாள். தகப்பன் செத்த வீட்டில் முப்பத்தொரு நாளில் வந்த ரேகை, இப்போது பாதி நாள் கடந்தும் ஒரு நிழல்கூடக் காட்டவில்லை. மீதி இருபத்து நான்கு நாள்.

கிறிஸ்ரினா வலையை உதறிவிட்டு வந்தாள். “என்னடா, சோதினை எழுதுறியோ?”

“அம்மாவுக்கு ஒண்டும் வரேல்லை மாமி.”

“கொண்டா பாப்பம்.” பாவாடையில் கையைத் துடைத்தாள். கேட்காமலே பெருவிரலை மைக்குள் அமுக்கி, கொப்பியின் பத்தொன்பதாம் பக்கத்தில் குத்தினாள்.

எமில்ராஜ் பார்த்தான். கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டத் தூக்கினான்.

சுழி. வரி. பிரிந்த இடம். சேர்ந்த இடம். அச்சடித்ததுபோலத் தெளிவாக.

இருபத்தைந்து வருடம் அதே வலை. அதே நண்டு. அதே உப்புத் தண்ணி. நேற்றும் இன்றும் கழற்றிய கை.

அப்படியென்றால் குற்றவாளி வலை அல்ல.

“மாமி, நீங்கள் வேலை முடியக் கைக்கு என்ன செய்யிறனியள்?”

“கடலிலை அலம்பிப்போட்டு வீட்டை போவன். வேறை என்ன செய்யிறது?”

“மணக்காதே?”

“மணக்கும். மணந்துகொண்டுதான் கோயிலுக்கும் போறன். மாதா இன்னும் மூக்கைப் பொத்தேல்லை.” பிறகு அவள் தன் சாதாரணக் குரலில் ஒரு வசனம் சொன்னாள்: “எல்லாரும் உன்ரை கொம்மாவே, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தோலை உரிக்க?”

எமில்ராஜ் ஓடினான்.

*

வீட்டின் பின்பக்கம், கிணற்றடியில், மரியநாயகி முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு பேணியில் சாம்பல். ஒரு பிடி தேங்காய்த் தும்பு. பிழிந்து போட்ட தேசிக்காய்ப் பாதிகள் ஆறு, எலுமிச்சைப் புளி மணத்தோடு. கைகள் முழங்கை வரை சாம்பல் பூச்சு. அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள், பாத்திரத்தை அல்ல, விரலை.

“அம்மா.”

அவள் திரும்பினாள். களவு பிடிபட்ட சிறுமியின் முகம்.

“பதினெட்டு நாளாய் மீனே தொடேல்லை நீங்கள். என்னத்தைத் தேய்க்கிறியள்?”

“பழக்கம் மோனை.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“காலமை ஒருக்கால். பின்னேரம் வெளிக்கிட முந்தி ஒருக்கால். கொழும்புக்குப் போக முந்தி மூண்டு நாள் நல்லாத் தேய்ச்சனான். வெள்ளைக்காரரின்ரை ஒபீஸ் எல்லே, மணந்துகொண்டு போகேலுமோ?”

எமில்ராஜ் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டான். புளியும் சாம்பலும் தும்பும். நண்டு நாற்பது வருடத்தில் செய்ய முடியாததை அம்மா தானே செய்திருக்கிறாள்.

“அப்பா செத்த முப்பத்தொரு நாளும்?”

“செத்த வீட்டிலை படலைக்கு வெளியாலை போனனானே? ஆருக்கெண்டு கழுவுறது?”

எல்லாம் பொருந்திவிட்டது. ஒன்று மட்டும் மிச்சம்.

“எப்ப தொடங்கினது அம்மா உது? கனகாலமா உங்கடை கை தேசிக்காய்தான் மணக்கும்.”

மரியநாயகி சாம்பல் பேணியை மூடினாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். சொல்ல மாட்டாள் என்று அவன் நினைத்தபோது சொன்னாள்.

“தங்கச்சிக்குப் பன்னிரண்டு வயது. ரவுணிலை கன்னியரின்ரை பள்ளிக்கூடத்திலை பரிசளிப்பு. அவளுக்குச் சமயபாடத்துக்கு முதலாம் பரிசு. நான் துறையிலை இருந்து நேரை போனனான், நேரம் போட்டுது எண்டு. பள்ளிக்கூட வாசல் படலையிலை நிண்டவள். கூட நாலு பிள்ளையள். என்ரை கையைப் பிடிக்க வந்தவள், பேந்து பிடிக்கேல்லை. ‘அம்மா, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, எல்லாரும் மூக்கைப் பொத்துதுகள்’ எண்டாள். அவ்வளவுதான். நான் பைப்படிக்குப் போனன்.”

பத்தொன்பது வருடம். ஒரு நாளைக்கு இரண்டு தரம்.

“அவளுக்கு உது ஞாபகம் இருக்காது,” என்றாள் மரியநாயகி. “நீயும் சொல்லிப்போடாதை. வார்த்தைப்பாடு குடுக்கப் போற பிள்ளை. பாரத்தோடை போகக் கூடாது. வலையாலை போச்சுது எண்டு சொல்லு.”

மகள் பிடிக்காமல் விட்ட கையை மகளுக்காகக் கழுவி, அதனாலேயே மகளின் கையைப் பிடிக்க வழியில்லாமல் நிற்கிறாள்.  எமில்ராஜ் குனிந்து ஆறு தேசிக்காய்ப் பாதிகளையும் பொறுக்கி மதிலுக்கு மேலால் எறிந்தான்.

*

இருபத்து நான்கு நாள். புதுச் சட்டம்: தேசிக்காய் இல்லை. சாம்பல் இல்லை. தும்பு இல்லை. பாத்திரம் கழுவுவது எமில்ராஜ். படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெய்.

வலைக்குப் போக அவன் விடவில்லை. ஆனால் சந்தையில் மீன் விற்கப் போகலாம் என்றான். மரியநாயகி மீன் தொட்ட கையைத் தண்ணீரில் அலம்பி, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் தண்டனை. மினிபஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் ஆடி ஆடி வந்தாள். கடையில் மிச்சக்காசை மேசையில் வைக்கச் சொன்னாள். கோயிலில் கடைசி வரிசை வாங்குக்குப் போய்விட்டாள்.

“பின்னாலை ஏன் மச்சாள் ஒளிக்கிறாய்?” கிறிஸ்ரினா அவளை இடித்துக்கொண்டு வந்து குந்தினாள். “ரெண்டு பேரும் சேந்து மணப்பம். ஆர் ஆரெண்டு தெரியாது.”

இருபத்து மூன்றாம் நாள் கறுப்பு. இருபத்தாறாம் நாள் கறுப்பு.

இருபத்தெட்டாம் நாள் பின்னேரம் எமில்ராஜ் வலது மோதிர விரலைக் கொப்பியில் உருட்டி எடுத்தான். கறுப்பு விதையின் ஓரத்தில், வெள்ளையாக, நூலிலும் மெல்லிதாக, ஒரு வளைவு.

தலைமயிரா என்று ஊதினான். போகவில்லை.

விரலையே பார்த்தான். அங்கேயும் இருந்தது.

 முதல் நட்சத்திரத்தைக் காட்டினால் மறைந்துவிடும் என்பதுபோல இருவரும் தொடாமல் பார்த்தார்கள். மறுநாள் அந்த வளைவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. முப்பத்திரண்டாம் நாள் சுட்டுவிரலில் நடுச்சுழி. முப்பத்தைந்தாம் நாள் இடது கையிலும். கடல் வற்ற வற்ற ஒவ்வொரு வரியாக மணல் வெளிவருவதுபோல வந்தன. யாரும் வரையவில்லை. யாரும் பார்த்து எழுதவில்லை. பத்தொன்பது வருடம் தேய்த்துத் தேய்த்து அழித்ததை, அடியில் எங்கேயோ ஒன்று மறக்காமல் வைத்திருந்தது.

எமில்ராஜ் அவளுடைய கடவுச்சீட்டின் பிரதியை எடுத்தான். வவுனியாவுக்குப் போன அதே கிழமை கிராம அலுவலரான விதானையாரிடம் எதற்கோ கைநாட்டு வைத்த பழைய கடிதம் ஒன்று அதோடு கிடந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய பெருவிரல். இன்றைய பெருவிரலைப் பக்கத்தில் வைத்தான். இடது ஓரத்தில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து, மூன்று வரிக்குப் பிறகு சேரும். அங்கேயும் அப்படித்தான். இங்கேயும் அப்படித்தான்.

“அதே கோடு அம்மா. அதே இடத்திலை பிரியுது.”

மரியநாயகி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

*

முப்பத்தெட்டாம் நாள் ஜூலை இருபத்தைந்து. குருநகருக்குப் பெருநாள். வீதி முழுக்கத் தோரணம். ஒரு படகும் கடலில் இல்லை. மரியநாயகி விடிய எழும்பிப் புதுச்சேலை உடுத்தாள். விருந்தாட்களுக்குச் சர்பத் கரைக்க மேசையில் ஒரு கூடை தேசிக்காய் இருந்தது. எமில்ராஜ் வெளிக்கிட்டு வந்தபோது அவள் அதில் ஒன்றை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாசலிலேயே நின்றான்.

“பெருநாள் பூசை மோனை. ஆயரும் வாறார். நற்கருணைக்குக் கை நீட்ட வேணும். நேற்று ஒட்டி மீன் உரிச்ச கை.”

நான்கு நாள் இருந்தது. ஒரு தேசிக்காய் ரேகையை அழித்துவிடாது; ஆனால் அந்த ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும்.  அவன் தடுத்திருக்கலாம், பறித்திருக்கலாம். பத்தொன்பது வருடத்தை அவள் கையிலிருந்து யாரும் பறிக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வாசல் படலை கிறீச்சிட்டது. கிறிஸ்ரினா பவுடர் அப்பிய முகத்தோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள்.

மரியநாயகி வெட்டிய தேசிக்காயை அவளிடம் நீட்டினாள். “சர்பத்துக்கு நீ பிழி. எனக்குப் புளி படக் கூடாதாம்.”

பூசையில் அவள் முன்வரிசைக்கு நடந்தாள். இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். முதிய குருவானவர் அப்பத்தை வைத்தார், மூக்கைச் சுருக்கவில்லை. மரியநாயகி ஒரு கணம் நகராமல் நின்றாள். வெள்ளை அப்பம், அதைச் சுற்றி விரல் நுனிகளில், கூரையிலிருந்து விழுந்த வெயிலில், புதிதாக உழுத வயல்போல வரிகள்.

பின்னால் நின்றவர் மெல்லத் தொட்டு நகரச் சொன்னார்.

*

ஜூலை இருபத்தொன்பது. நான்காம் மாடி. அதே பெண்.

“அம்மா, வாங்க. கையைக் காட்டுங்க முதல்ல.”

பார்த்தாள். எதுவும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தாள்.

வலது நான்கு. இயந்திரம் யோசித்தது. எமில்ராஜ் நீலக் கோப்பைப் பிடித்திருந்த பிடியில் அதன் மூலை மடிந்தது.

பச்சை.

இடது நான்கு. நீண்ட யோசனை. மூன்று பச்சை, சின்னவிரல் சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு.

“விடுங்க, பரவால்ல. பெருவிரல் ரெண்டும்.”

பச்சை. பச்சை.

“ஒன்பது,” என்றாள் அந்தப் பெண். “எனக்குக் காணும்.” பிறகு, செய்யக்கூடாததோ என்னவோ, திரையை அரைக் கணம் அவர்கள் பக்கம் திருப்பினாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருவிரல். வரி வரியாய், வளைந்து, சுழன்று, இடது ஓரத்தில் பிரிந்து மூன்று வரிக்குப் பிறகு சேர்ந்தது. மரியநாயகி அதைப் பார்த்தபடி, கேட்க வேண்டுமென்று இல்லாமல் கேட்டாள்:

“உது நானோ பிள்ளை?”

“நீங்கதான் அம்மா. வேற யாரும் இல்ல.”

*

மூன்று கிழமையில் விசா வந்தது. எமில்ராஜ் போனில் சுங்க விதிகளை வாசித்தபடி பெட்டி அடுக்கினான். இறைச்சி கொண்டு போகக் கூடாது. பால், நெய் கூடாது. மீன் கொண்டு போகலாம்.

“கருவாடு?” என்றாள் கிறிஸ்ரினா.

“அதுவும் மீன்தானே மாமி.”

“பாத்தியே மச்சாள், மீனுக்கு விசா வேண்டாமாம். மீன்காரிக்குத்தான் வேணுமாம்.” அவள் தானே காயவைத்த கட்டா மீன் கருவாட்டை நாலு மடிப்புத் தாளில் சுற்றித் தந்தாள்.

கழுத்தில் பெயர் எழுதிய அட்டையோடு மரியநாயகி தனியாகப் பறந்தாள். பாரிஸில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த இளைஞன் ஒரு வார்த்தை பேசாமல் கையைக் காட்டினான். அவள் நான்கு விரலை வைத்தாள். ஐயாயிரம் மைல் கடந்து வந்த கடற்கரை மணல் அங்கேயும் படிந்தது. பச்சை. அவன் போகச் சொன்னான்.

செப்டெம்பர் பதின்மூன்று, பின்னேரம் நான்கு மணி. கல் அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, மலையைப் பார்த்த ஒரு யன்னல். கம்பி இல்லை.

ஜெசிதா வந்தாள். மெலிந்திருந்தாள். கதிரையில் இருக்கவில்லை, வந்த வேகத்தில் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். பையிலிருந்து கருவாட்டை எடுத்து வைத்த கை.

“அம்மா, மீன் மணக்குது.”

மரியநாயகியின் கை தானாகப் பின்னால் இழுபட்டது. ஜெசிதா விடவில்லை.

“இல்லை அம்மா. ஒன்பது வருஷமா இந்த மணத்தைத் தேடினனான். எப்ப நினைச்சாலும் தேசிக்காய் மணம்தான் வந்தது.” அவள் அப்படியே முழந்தாளில் இருந்தாள். “நாளைக்கு முந்தி எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்க வேணும். உங்களிட்டை ஒண்டு இருக்கு. பரிசளிப்பு அண்டைக்கு, படலையிலை, பிள்ளையளுக்கு முன்னாலை…”

 பத்தொன்பது வருடம் இவளும் அதைத் தூக்கிக்கொண்டு, மலை ஏறி, மதிலுக்குள் வந்திருக்கிறாள்.

“எந்தப் பரிசளிப்பு?” என்றாள் மரியநாயகி.

“சமயபாடத்துக்கு… நான் உங்கடை கையை…”

“எனக்கு ஞாபகம் இல்லைப் பிள்ளை.”

ஜெசிதா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. அடைபட்ட மடத்தில், வார்த்தைப்பாட்டுக்கு முதல் நாள், ஒரு முழுப் பொய். மரியநாயகி பத்து விரலையும் மகளின் தலையில் வைத்து அழுத்தினாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. கதவு திறந்தது, ஜெசிதா போனாள், கதவு மூடியது.

மரியநாயகி யன்னலோரம் போய்க் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். வெளியே மலையில் குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே முற்றத்தில் தவிட்டு நிற அங்கிகள் வரிசையாகக் கோயிலுக்குப் போயின. எது தன்னுடையது என்று பார்த்துப் பிடித்தாள், மறையும் வரை பார்த்தாள்.

கையை எடுத்தபோது, கண்ணாடியில் படிந்திருந்த பனிப்புகாரில் விரல் நுனிகள் வரி வரியாய் இருந்தன. அவள் எண்ணினாள். இடது சின்னவிரலும் சேர்த்துப் பத்து.

துடைக்கச் சேலைத் தலைப்பை எடுத்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.